சேவல் வழிவிடாத காரணத்தால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் நீல மையில் எழுதியிருந்தது:

"ஐயா, 7-11-91 வியாழக்கிழமை எங்கள் வீட்டுச் சேவல் வழிவிடாத காரணத்தால் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டேன். மன்னிக்க வேண்டுகிறேன். இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள மதிவதனி, டிரெய்னி, காயில் செக்‌ஷன்."

மறுநாள் காலை இது என் மேஜைக்கு வந்தது. சிரித்த சிரிப்பில் கேன்டீன் டீ புரையேறிவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்று வேறு என்னவோ ஆரம்பித்தது. அந்த வேறு என்னவோவை எழுதத்தான் இத்தனை வருஷமாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறேன். பதினோரு ஆரம்பம் எழுதிக் கிழித்தாயிற்று. இன்றைக்குக் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது கடைசிக் காட்சியை எங்கே நிறுத்த வேண்டும் என்று பளிச்சென்று தெரிந்துவிட்டது. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அணையட்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஹேமாம்புஜம். ஸ்ரீபெரும்புதூர்க்காரி. அப்பா கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம். நான் ஊருக்கு வெளியே இருந்த, மெல்லிய கம்பி சுற்றும் ஒரு காயில் கம்பெனியில் (பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது) டைம் ஆபீஸ் கிளார்க். என் வேலை இதுதான்: காலை ஷிப்ட் ஆறரைக்கு. ஐந்து நிமிஷம் சலுகை. ஆறு முப்பத்தாறுக்கு யார் கார்டு பஞ்ச் ஆனாலும் அந்த நேரத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். டிரெய்னியாக ஆறு மாசம் இருப்பவர்களுக்கு மூன்று வட்டம் விழுந்தால் வேலை நிரந்தரம் ஆகாது, வீட்டுக்குப் போகலாம்.

மதிவதனிக்கு இரண்டு வட்டம் விழுந்திருந்தது. இரண்டாவது அந்த வியாழக்கிழமையது. இரண்டும் என் கையால் போட்டது. அழகாக, முழு ரவுண்டாக. அவளுடைய ஆறு மாசம் முடிய, அந்த வாரம் போக இன்னும் பன்னிரண்டு வேலைநாள் பாக்கி.

2

கிழித்த ஆரம்பங்களில் மூன்றை உங்களுக்குக் காட்டிவிட வேண்டும். வீணாகப் போகக் கூடாது பாருங்கள்.

முதலாவது: "கிழக்கு வெளுக்குமுன் வல்லம் வடகாலின் வயல்களின் மேல் பனி மெல்ல…" அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் நான் குளித்து ஈரத்தலையோடு சைக்கிளில் கம்பெனிக்குப் பறந்துகொண்டிருந்தேன். பனியைக் கண்டேனா, வயலைக் கண்டேனா?

இரண்டாவது: "நான் ஒரு சேவல். என் பேர்…" இரண்டே வரி. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. முட்டை என்ற வார்த்தையைச் சொன்னால் வாய் கொப்பளிக்கச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவள், சேவலுக்குள் புகுந்து பேசுவதாவது.

மூன்றாவது: "1991, ஸ்ரீபெரும்புதூர்." இதை எழுதியவுடனே உங்கள் மனசு மே மாதத்துக்குப் போயிருக்கும், தெரியும். எங்கள் ஊர்ப் பேரை உலகம் முழுக்கச் சொல்ல வைத்த அந்தச் சம்பவம் இந்தக் கதையில் இல்லை. அதனால் வந்த ஒரே ஒரு விஷயம் மட்டும் இருக்கிறது: அதற்கப்புறம் எங்கள் கம்பெனி கேட்டில் சோதனை பலமாகிவிட்டது. டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்ப்பார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நல்ல எழுத்தாளர் யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

3

பர்சனல் ஆபீசர் யதிராஜ் சார் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கெட்டவர் இல்லை. ஆனால் ரூல் என்றால் அவருக்கு ரூல்.

"என்னம்மா இது, கிண்டலா?"

"தெரியல சார்."

"வயித்துவலி, காய்ச்சல், மாமியார் சண்டை எல்லாம் பாத்துட்டேன். சேவல் இப்பத்தான் வருது. நீங்க ஞாயித்துக்கிழமை அந்த வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க. பொய்னா இப்பவே நிறுத்திடலாம்."

"நானா சார்? எனக்குக் கோழியைப் பத்தி…"

"கோழியைப் பாக்க வேணாம். பொண்ணைப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். ஒரகடம் அப்போது ஒரு டீக்கடையும் ஒரு புளியமரமும். இன்றைக்கு அங்கே கார் கம்பெனி வாசலில் வரிசையாக நிற்கும் பஸ்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது நம்பிக்கையாக இருக்காது. மழை விட்டு இரண்டு நாள், ரோடெல்லாம் சேறு. வல்லம் வடகாலில் விசாரித்து விசாரித்து மதிவதனி வீட்டுக்குப் போனால் வீட்டு முன்பக்கம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். "பின்னாடி படலத் தொறந்துகினு வாங்க மேடம்," என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. அதற்கப்புறம் இன்னொன்றும் சொன்னாள். அது என் காதில் விழவில்லை. "நின்னுக்கினே இருங்க, நான் வர்ற வரைக்கும் நவுராதீங்க" என்று சொன்னாளாம்.

4

இப்போது சேவல் வருகிறது. ஐயோ, இதை எழுதத்தான் காலையிலிருந்து கை பரபரக்கிறது.

ஏழு மாசச் சேவல். செம்பழுப்பு, வாலில் மட்டும் கறுப்பு பச்சையாக மின்னும். கொண்டை இன்னும் முழுசாக வளரவில்லை. சுற்றி ஐந்து கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. நான் படலைத் திறந்து இரண்டடி வைத்தேன். அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. ஒரு பக்க இறக்கையைத் தரையில் படும்படித் தாழ்த்திக்கொண்டு பக்கவாட்டில் நாலு எட்டு நடந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆடுகிறது, அழகாக இருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த நொடி கழுத்து ரோமமெல்லாம் குடை மாதிரி விரிந்து, இரண்டு காலையும் தூக்கி என் முழங்காலில் ஒரு உதை. நான் திரும்பி ஓடினேன். திரும்பினதுதான் தப்பு. பின்னங்காலில் இரண்டு, இடுப்பில் ஒன்று. எதிரே துவைக்கிற கல் இருந்தது. ஒன்பது கஜம் இல்லை, ஆறு கஜம்தான், இருந்தாலும் புடவையோடு அந்தக் கல்மேல் எப்படி ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதி ஓடி வந்தாள். அவளையும் விரட்டியது. அவளும் ஏறி என் பக்கத்தில் நின்றாள். கம்பெனியில் ஜன்னல் வழியாகக் கார்டு நீட்டும் கையைத் தவிர அவளை நான் சரியாகப் பார்த்ததே கிடையாது. இருபத்து மூன்று வயசு, ஒல்லி. நெற்றியில் வியர்வை.

"பார்த்தீங்களா மேடம்," என்றாள். "நான் பொய் எழுதல."

(இந்த இடத்தில் முதல் பிரதியில் "அவள் கண்களில் நீர் தளும்பியது" என்று எழுதியிருந்தேன். போன வாரம் போனில் படித்துக் காட்டியபோது மதி கோபித்துக்கொண்டாள். "நான் எங்க மேடம் அழுதேன்? நீங்கதான் அழுதீங்க." சரி. நான்தான் அழுதேன். முழங்காலில் ரத்தம்.)

அவளுடைய மாமியார் சந்திரம்மாள் வாசற்படியில் நின்றார். கையில் துடைப்பம், ஆனால் ஓங்கவில்லை. சேவலைப் பார்த்துக் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"வாப்பா, போதும் வாப்பா. வுட்டுரு ராசா."

"அடிங்கோளேன் மாமி," என்றேன் கல்மேலிருந்து.

"அடிக்கக் கூடாதும்மா. அது ஆண்டவருக்கு வச்சது."

5

விஷயம் இதுதான். மதி ஏப்ரலில் வேலைக்கு மனு போட்டபோது அடையிலிருந்து அப்போதுதான் குஞ்சுகள் பொரிந்திருந்தன. அதில் இந்தச் சேவக்குஞ்சைக் கையில் எடுத்து, மருமகளுக்கு வேலை கிடைத்தால் நவம்பரில் சபையின் அறுப்புப் பண்டிகைக்கு இதைக் கொடுப்பதாகச் சந்திரம்மாள் பொருத்தனை செய்துவிட்டார். பண்டிகையன்று நெல்லும் பூசணியும் தென்னங்கன்றும் கோழியும் கோயில் முன்னால் கொண்டுவந்து படைப்பார்கள், அப்புறம் ஏலம் விடுவார்கள். ஆண்டவருக்குக் கொடுப்பது பழுதில்லாமல் இருக்க வேண்டும். கொண்டை கிழியக் கூடாது, கால் வீங்கக் கூடாது, இறகு உதிரக் கூடாது.

வேலையும் கிடைத்துவிட்டது. அந்த வேலைக்கே இப்போது இந்தச் சேவல்தான் உலை வைத்துக்கொண்டிருந்தது.

"கூடையைப் போட்டுக் கவுத்து வைக்கலாமே," என்றேன்.

"வச்சேம்மா. தலையை முட்டி முட்டி ரத்தம் பண்ணிக்கிச்சு. பொருத்தனை இன்னாவறது?"

"காலைக் கட்டினா?"

"கவுறு அறுத்துடும்."

ஆக, அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, அடைக்கக் கூடாது. போன ஈஸ்டருக்குப் பெரிய சேவலைக் குழம்பு வைத்தாகிவிட்டது, அதனால் இதைத் தட்டி வைக்கப் பெரியவன் என்று யாரும் இல்லை. வீட்டிலும் சரி, தெருவிலும் சரி, ஆண்டவர் சொத்து ஆயிற்றே என்று எல்லாரும் அதற்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். அது குறுக்கே நின்றால் நின்றார்கள். போன பிறகு போனார்கள். அரிசி போட்டால் முதல் கை அதற்கு, அதுவும் கையிலேயே ஊட்டி. மனுஷர்கள் என்றால் ஒதுங்குகிற ஜாதி என்று அந்த மண்டையில் ஏறிவிட்டது. பக்திதான் அதை ரவுடியாக்கியது.

மற்றவர்கள் அது நகரும்வரை காத்திருக்கலாம். மதிக்கு மட்டும் ஐந்து நாற்பதுக்குக் கூட்ரோட்டில் பஸ். அவளால் காத்திருக்க முடியாது, ஓடுவாள். ஓடினால் விரட்டும். சாம்சன், அவள் புருஷன், லாரியில் போனால் பத்து நாளைக்கு வர மாட்டான். அவன் கொண்டுவரும் காசு லாரி சேட்டுக்கும் டயருக்குமே போகும். அவள் சம்பளம்தான் வீடு. அதைவிட அவளுக்கே அந்த வேலை பிடித்திருந்தது. "தலைமுடி கனம்கூட இல்லாத ஒயரை அறுக்காம சுத்துறேன் மேடம், எங்க லைன்ல என்னுதுதான் ரிஜெக்ட் கம்மி," என்று அந்தத் துவைக்கிற கல்மேல் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள். கீழே சேவல் காத்திருந்தது.

இங்கே ஒரு ஆள் தேவைப்பட்டார். கதையில் எல்லாம் முடிச்சுப் போட்டாயிற்று, அவிழ்க்க ஒருத்தர் வேண்டாமா? அதனால் நான் நாகப்பன் என்று ஒருவரைப் படைத்தேன். கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர், மீசை, பழைய சைக்கிள். அவர் வந்து "அம்மாடி, சேவலோட மனசப் புரிஞ்சுக்கணும்" என்று ஆரம்பித்தார். மூன்று பக்கம் பேசினார். படித்துப் பார்த்தேன், கொட்டாவி வந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஆனால் அப்படி ஒரு ஆள் அங்கே வரவே இல்லையே. மதி கண்டுபிடித்ததைப் பிடுங்கி ஒரு மீசைக்காரரிடம் கொடுக்க எனக்கு என்ன உரிமை? நாகப்பனை அனுப்பிவிட்டேன். சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

6

உண்மையில் நடந்தது இது. கல்மேல் நாங்கள் இருவரும் முக்கால் மணி நேரம் நின்றோம். நான் பெருமாளை வேண்டிக்கொண்டிருந்தேன். மதி கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து கோழியில் நாலு இளசு. சேவல் வந்தால் சிதறி ஓடும், அது துரத்தும், முதுகில் ஏறும். இரண்டுக்கு முதுகில் இறகே இல்லை. ஐந்தாவது ஒரு கிழட்டுக் கறுப்புக் கோழி. சந்திரம்மாள் அதைப் "பெரியவ" என்பார். சேவல் இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு அதன் பக்கம் போயிற்று. பெரியவ ஓடவில்லை. திரும்பவும் இல்லை, கொத்தவும் இல்லை. சேவல் நின்ற இடத்துக்கே நேராக நடந்தாள். அங்கே ஏதோ புழு கிடந்தது போலிருக்கிறது. சேவல் ஒரு எட்டு பின்னால் போனது. அவள் இன்னும் நடந்தாள். அது ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டு மண்ணைக் கொத்துகிற மாதிரி பாசாங்கு பண்ணியது.

"மேடம்," என்றாள் மதி. "அவ பாத்தீங்களா? அவளுக்கு எங்கியோ போக வேண்டி கீது. அது குறுக்கால நிக்குதுன்னே அவ நெனைக்கல."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள். எனக்கு உயிரே இல்லை. சேவல் ஆட ஆரம்பித்தது. மதி ஓடவில்லை, உதைக்கவில்லை, அதை நோக்கி நடந்தாள். அது பாய்ந்தது. நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நடந்தாள். மூன்றாவது பாய்ச்சலில் அப்படியே இரண்டு கையாலும் அதை அமுக்கித் தூக்கி, கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். திமிறியது. விடவில்லை. அந்த முற்றத்தில், கோழிகளுக்கு நடுவில், சும்மா சுற்றிச் சுற்றி நடந்தாள். பத்து நிமிஷம் கழித்து அதன் கழுத்து தளர்ந்து கண் சொருகியது. அப்போதுதான் இறக்கிவிட்டாள். இறங்கியதும் அது ஓடிப்போய் வேலியோரம் நின்று என்னவோ யோசித்தது.

சந்திரம்மாளுக்குத்தான் மனசே ஆறவில்லை. மதி இன்னொன்றும் சொன்னாள்: இனி அரிசி முதலில் கோழிகளுக்கு, சேவலுக்குக் கடைசியில், அதுவும் தரையில்.

"ஆண்டவருக்கு வச்சதுக்குக் கடைசியிலயா? இன்னாடி பேசற நீ?"

"இல்லன்னா பண்டிகை அன்னிக்குக் கோயில்ல பாதிரி ஐயரை உதைக்கும். எல்லாரும் சந்திரம்மா வூட்டு சேவலும்பாங்க. பரவால்லியா அத்தை?"

சந்திரம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தார். அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டு கோழிகள் பக்கம் போனார்.

திங்கட்கிழமை யதிராஜ் சாரிடம் "சேவல் உண்மை சார்" என்றேன். என் நடையைப் பார்த்தே புரிந்துகொண்டார். "சேவல் உண்மைன்னாலும் வட்டம் வட்டம்தாம்மா," என்றார்.

அன்றிலிருந்து பன்னிரண்டு காலை. என்னைக் கேட்டால் என் வாழ்க்கையிலேயே அவ்வளவு ஆவலாக நான் வேலைக்குப் போனது அந்தப் பன்னிரண்டு நாள்தான். ஆறு இருபத்தெட்டுக்கு அந்தப் பக்கத்து பஸ் கேட்டுக்குள் திரும்பும். ஜன்னலில் கழுத்தை நீட்டிக்கொண்டு இறங்குகிற தலைகளைப் பார்ப்பேன். அவள் தலை தெரிந்தால் மூச்சு வரும். கார்டு போடும்போது அவள் விரலால் ஒரு கணக்குக் காட்டுவாள், அன்றைக்குச் சேவல் எத்தனை தடவை பாய்ந்தது என்று. திங்கள் ஐந்து. செவ்வாய் ஐந்து. புதன் மூன்று, ஆனால் கையில் பிளாஸ்திரி. வெள்ளி இரண்டு. அடுத்த திங்கள் மறுபடி நாலு (ஞாயிற்றுக்கிழமை யாரோ விருந்தாளி அதைக் கண்டு ஓடியிருக்கிறார், அத்தனையும் பாழ்). புதன் ஒன்று. வியாழன் விரலே காட்டவில்லை, கையை விரித்து 'ஒன்றுமில்லை' என்று காட்டினாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் எழுந்து நின்று ஒரு குதி குதித்தேன். பெரிய மனுஷி மாதிரி இருப்பவள் குதிப்பதைப் பார்த்து ஸ்டோர்ஸ் பையன் பயந்துபோனான்.

7

கடைசி நாள் சனிக்கிழமை, இருபத்துமூன்றாம் தேதி. மறுநாள் ஞாயிறு பண்டிகை.

இதுவரை எல்லாம் நல்லபடியாகப் போயிற்று, கதைக்காரிக்கு அது ஆகாது என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் எதையும் கூட்டவில்லை. கூட்டியது சந்திரம்மாள், அதுவும் அன்பால்.

இன்றைக்கு ஒரு நாள் மருமகளுக்கு எந்தத் தொந்தரவும் வரக் கூடாது என்று அந்த அம்மாள் விடியுமுன் எழுந்து, தான் கொடுத்த வாக்கையே ஒதுக்கிவைத்துவிட்டு, சேவலைக் கூடை போட்டுக் கவிழ்த்து மேலே அம்மிக்குழவியை வைத்துவிட்டார். பழுது வந்தால் வரட்டும், ஆண்டவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று முடிவு பண்ணிவிட்டார். மதி கிளம்பி முற்றத்துக்கு வந்தால் கூடை குதிக்கிறது. உள்ளே டமடமவென்று முட்டல். நாளைக்குப் படைக்க வேண்டிய சேவல்.

"நீ போடி. பஸ்ஸு வந்துரும், போ," என்றார் சந்திரம்மாள்.

மதி போகவில்லை. கூடையை எடுத்தாள், அதைத் தூக்கினாள், கொண்டையைத் தடவிப் பார்த்தாள், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை, கக்கத்தில் இடுக்கினாள். வெறி பிடித்துத் திமிறுகிறது. திமிறும்போது இறக்கிவிட்டால் இரண்டு வாரப் பாடமும் போச்சு, ஜெயித்தது நான்தான் என்று அது நினைத்துக்கொள்ளும். அடங்கும்வரை நடக்க வேண்டும். நடந்தாள். கூட்ரோட்டில் ஹாரன் கேட்டது. நடந்தபடியே படலைத் தாண்டினாள், நடந்தபடியே வரப்பில் ஏறினாள், அப்புறம் ஓடினாள். சேவலோடு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஆறு இருபத்தெட்டு. பஸ் திரும்பியது. தலைகள் இறங்கின. அவள் தலை தெரிந்தது, மூச்சு வந்தது. கீழே பார்த்தேன், நின்றுவிட்டது.

கேட்டில் வாட்ச்மேன் கோதண்டம்.

"இன்னாமா இது?"

"சேவல்ணே."

"அது தெரியுது. உயிருள்ள சாமான் உள்ள வரக் கூடாது. ஆர்டர் கீது."

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாளு. நீங்க வச்சிக்கினு இருங்க, மத்தியானம்…"

கோதண்டம் கையை நீட்டினார். சேவல் ஒரு கொத்து. கையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டார். போச்சு, ஒதுங்கிட்டார் என்று அதற்குப் புரிந்துவிட்டது. கழுத்து ரோமம் விரிய ஆரம்பித்தது. வெளியே விடவும் முடியாது, வாசலிலேயே பெங்களூர் ரோடு, லாரி லாரியாகப் போகிறது. ஆறு முப்பத்திரண்டு.

நான் டைம் ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

"குடு," என்றேன்.

"மேடம், நீங்களா?"

"குடுடி."

சொல்லிவிட்டேன். கை போகவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். அவள் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் கையைத் தூக்குகிறேன், இறக்குகிறேன். அதன் சூடு, அந்த வாசனை, அந்த மஞ்சள் கண். அப்பா ஞாபகம் வந்தது, மடப்பள்ளி ஞாபகம் வந்தது, முழங்கால் காயம் ஞாபகம் வந்தது. மதி கேட்டுக்குள்ளே தெரிந்த கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முழுசாக ஒரு நிமிஷம் நான் அப்படி நின்றேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். கால் இரண்டையும் சேர்த்து, வலது கக்கத்தில், அவள் செய்த மாதிரியே.

அவள் ஓடினாள். பஞ்ச் கிளாக் 'டங்' என்ற சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. நான் நடந்தேன், சேவல் அடங்கும்வரை நடக்க வேண்டும் அல்லவா, நடந்துகொண்டே உள்ளே வந்தேன். கோதண்டம் என்னைத் தடுக்கவில்லை. கொத்து வாங்கிய கையை உதறிக்கொண்டிருந்தார். ஜன்னல் தட்டில் அவள் கார்டு கிடந்தது. மதி லைனுக்குப் போய்விட்டாள். எடுத்துப் பார்த்தேன்.

6.36.

8

முடிவுகள். நிறைய எழுதிப் பார்த்தாயிற்று.

ஒன்றில், நான் வட்டம் போடுகிறேன். மதி சாயந்திரம் யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றி மடித்து ஒப்படைத்துவிட்டுச் சேவலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். மறுநாள் கோயிலில் அது பழுதில்லாமல் ஏலம் போகிறது. படித்தவர்கள் 'ஐயோ பாவம், வாழ்க்கை இப்படித்தான்' என்று தலையாட்டினார்கள். எனக்கு அவர்களை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

இன்னொன்றில், வட்டம் போடவில்லை. சேவல் எட்டு மணி நேரம் என் மேஜைக்கடியில் தூங்குகிறது, மத்தியானம் தயிர்சாதம் சாப்பிடுகிறது. அருமையாக இருந்தது. ஆனால் அதில் நான் ரொம்ப நல்லவளாக இருந்தேன். முந்தைய இரண்டு வட்டத்தை ரவுண்டாகப் போட்டுவிட்டு ரசித்தவள் நான்தானே, அவள் எங்கே போனாள்? அதையும் கிழித்தேன்.

மூன்றாவதாக ஒன்று, யதிராஜ் சார் மனம் மாறுகிற மாதிரி. சார் இருந்திருந்தால் படித்துவிட்டு, "நான் எப்பம்மா மனசு மாறினேன்?" என்று கேட்டிருப்பார்.

நிஜமாக என்ன நடந்தது என்று மதிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். பிடிவாதம் இல்லை. சொல்லிவிட்டால் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள். என்னை மெச்சிவிட்டோ திட்டிவிட்டோ புத்தகத்தை மூடிவிட்டுப் போவீர்கள்.

அதனால் நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து இந்த நாற்காலியில் உட்காருங்கள். கூச்சப்படாதீர்கள், வாங்கோ.

பிடித்துக்கொண்டீர்களா? காலை விடாதீர்கள். அதன் நெஞ்சு உங்கள் விலாவில் அடித்துக்கொள்வது தெரிகிறதா? இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஜன்னல் தட்டில் கார்டு. ஆறு முப்பத்தாறு. அதில் ஒரு நிமிஷம் அவளுடையது இல்லை, உங்களுடையது, அது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. உள்ளே காயில் செக்‌ஷனில் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. எதிரே யதிராஜ் சார் கடைசி நாள் லிஸ்டோடு வந்து நிற்கிறார். உங்கள் கக்கத்தில் இருப்பதை ஒரு தடவை பார்க்கிறார். மறுபடி லிஸ்டுக்கே திரும்புகிறார்.

"யாராவது லேட்டாம்மா?" என்கிறார்.

சிவப்புப் பேனா மேஜையில்தான் இருக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் முதலில் சேவலைக் கீழே விட வேண்டும்.